வில்லியம் ஸ்லிம்: கல்லிப்போலி முதல் ரங்கூன் வரை, ஒரு தளபதியின் இரு உலகப் போர்கள்

கல்வெட்டன் எழுதியது:

பிரிட்டிஷ் தளபதிகள் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு மாண்ட்கோமரியின் பெயரே முதலில் நினைவுக்கு வருகிறது. அவர் போரிட்ட எல் அலமைனும் நார்மண்டியும் பேசப்பட்ட அளவுக்கு, வில்லியம் ஸ்லிம் ஜப்பானியரை வென்ற மணிப்பூரின் இம்பாலும் பர்மாவின் மெய்க்திலாவும் பேசப்படவில்லை. ஆனால் இரு உலகப் போர்களிலும் களம் கண்ட பிரிட்டிஷ் தளபதிகளில் முதலிடம் வில்லியம் ஸ்லிமுக்கே உரியது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை இங்கே முன்வைக்கிறேன். மாற்றுக் கருத்துடையோர் தயங்காமல் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்லிம் 1891 ஆகஸ்ட் 6 அன்று பிரிஸ்டலில் பிறந்தார். தந்தை இரும்புச் சாமான் வணிகர். தொழில் சரியவே குடும்பம் பர்மிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளையை ராணுவக் கல்லூரிக்கு அனுப்பும் வசதி அந்த வீட்டில் இல்லை. ஏழைகள் வாழ்ந்த பகுதி ஒன்றின் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகவும், பின்னர் ஓர் உலோகக் குழாய் நிறுவனத்தில் எழுத்தராகவும் அவர் வேலை பார்த்தார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் படிக்காமலேயே அதன் அதிகாரிகள் பயிற்சிப் படையில் 1912இல் இடம்பிடித்தார். 1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது, அந்தப் பயிற்சியின் பலத்தில் ராயல் வார்விக்‌ஷயர் ரெஜிமெண்டில் தற்காலிக செகண்டு லெப்டினன்டாக நியமனம் பெற்றார். போர் வராமல் இருந்திருந்தால் அவர் எழுத்தராகவே ஓய்வு பெற்றிருக்கக் கூடும்.

1915 ஆகஸ்டில் துருக்கியிலுள்ள கல்லிப்போலியின் சாரி பாயிர் முகட்டில் படுகாயமடைந்தார். இனி களப்பணிக்குத் தகுதி பெறமாட்டார் என்று கருதப்பட்டவர், அடுத்த ஆண்டே மெசப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக்) தம் பட்டாலியனுடன் மீண்டும் சேர்ந்தார். 1917 மார்ச்சில் அங்கும் குண்டடி பட்டது. மிலிட்டரி கிராஸ் விருதும் கிடைத்தது. குணமடைய இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர், போர் முடிந்ததும் இந்திய ராணுவத்துக்கு மாறி, ஆறாம் கூர்க்கா ரைபிள்ஸில் சேர்ந்தார்.

என் வாதம் இதுதான். ஸ்லிமின் போர்வாழ்வில் 1943 வரை பெரிய வெற்றி என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. கல்லிப்போலி தோல்வி; 1940இல் சூடான் எல்லையிலிருந்த கல்லாபாத் பாதித் தோல்வி; 1942இல் பர்மாவிலிருந்து நடந்தது பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றின் மிக நீண்ட பின்வாங்கல். இத்தனை சறுக்கல்களையும் கண்ட மனிதர் 1944, 1945 ஆண்டுகளில் ஜப்பானியத் தரைப்படைக்கு அது அதுவரை சந்தித்திராத தோல்வியைக் கொடுத்தார். ஒவ்வொரு தோல்வியிலும் தம் பங்கு என்ன என்பதை அவர் ஒளிவுமறைவின்றி ஆராய்ந்ததே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். கல்லாபாத்தில் கோட்டையைக் கைப்பற்றிய பின் எல்லைக்கு அப்பால் இருந்த மெத்தம்மாவைத் தாக்காமல் பின்வாங்கியதைப் பற்றி, துணிவான வழி கண்ணெதிரே இருந்தும் தம் அச்சத்தின் சொல்லைக் கேட்டுவிட்டதாக அவரே பின்னாளில் எழுதினார். தம்மைப் பற்றி இப்படி எழுதிய ஜெனரல்கள் அரிது.

நெடுஞ்சாலை எழுதியது:

நல்ல தொடக்கம். ஒரு முக்கியமான பகுதியைத் தாங்கள் விரைந்து கடந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இரு போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளே ஸ்லிமை உருவாக்கின.

கல்லிப்போலியில் அவருக்கு அருகில் போரிட்டது ஆறாம் கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியன். அந்த வீரர்களைக் கண்டபோது ஏற்பட்ட மதிப்பே பிறகு அவரை அந்த ரெஜிமெண்டைத் தேடிப் போகச் செய்தது. அவர் குவெட்டா ஸ்டாஃப் கல்லூரியில் பயின்றார். 1934 முதல் 1937 வரை இங்கிலாந்தின் கேம்பர்லி ஸ்டாஃப் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். சம்பளம் போதாமல் 'அந்தோனி மில்ஸ்' என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதைகளும் எழுதினார். ஏழாம் கூர்க்கா ரைபிள்ஸின் இரண்டாம் பட்டாலியனுக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு வயது 46. அந்த வயதில் பட்டாலியன் தளபதியாக இருப்பவருக்கு ஜெனரல் பதவி எட்டாக்கனி என்றே அன்று எவரும் எண்ணியிருப்பார்கள்.

உருதுவும் கூர்க்காலியும் பேசத் தெரிந்த தளபதி அவர். பின்னாளில் பர்மாப் போர்முனையில் தாம் தலைமை தாங்கிய பதினான்காம் படையின் வீரர்களிடையே ஜீப்பின் மேல் ஏறி நின்று பேசும்போது அவரவர் மொழியிலேயே பேசினார். அந்தப் படையில் பெரும்பான்மையினர் இந்தியர்கள். கூர்க்காக்களும் கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்க வீரர்களும் பிரிட்டிஷாரும் உடன் இருந்தனர். இத்தனை மக்களைக் கட்டி மேய்க்க இந்திய ராணுவத்தின் பயிற்சி இல்லாமல் முடிந்திருக்காது. ஆகவே தோல்விகள் அவருக்குக் கற்றுத் தந்ததை விட இந்திய ராணுவம் கற்றுத் தந்ததே அதிகம் என்பேன்.

1942 மார்ச்சில் பர்மா கோரின் (கோர் என்பது பல டிவிஷன்கள் சேர்ந்த படை) பொறுப்பை ஏற்றபோது அவருக்குக் கீழே இரண்டு டிவிஷன் தளபதிகள் இருந்தனர்: முதல் பர்மா டிவிஷனின் புரூஸ் ஸ்காட், 17ஆம் இந்திய டிவிஷனின் கோவன். மூவருமே ஆறாம் கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியனில் ஒன்றாகப் பணியாற்றியவர்கள். தகவல் தொடர்பு அறுந்துபோன அந்தப் பின்வாங்கலில், ஒருவர் மனதை மற்றவர் சொல்லாமலே அறிந்திருந்தது எவ்வளவு பெரிய பலம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வடகரையார் எழுதியது:

இருவரின் பதிவுகளையும் கவனமாகப் படித்தேன். ஸ்லிம் நேர்மையான மனிதர், நல்ல எழுத்தாளர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவரை முதலிடத்தில் வைப்பதை ஏற்க இயலவில்லை. காரணங்கள் இரண்டு.

முதலாவது, 1944இல் வானம் நேச நாடுகளின் கையில் இருந்தது. இம்பால் சமவெளியில் சூழப்பட்டிருந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேருக்கு உணவும் வெடிமருந்தும் விமானத்தில் வந்தன. பர்மாவின் மேற்குக் கரையோரமான அராக்கானில் போரிட்டுக்கொண்டிருந்த ஐந்தாம் இந்திய டிவிஷன் அப்படியே விமானத்தில் ஏற்றப்பட்டு மணிப்பூரில் இறக்கப்பட்டது. சீனாவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்களைத் தென்கிழக்காசியாவின் நேச நாட்டுத் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் தம் பொறுப்பில் திருப்பிவிட்டதால்தான் அது நடந்தது. அதில் ஸ்லிமின் பங்கு என்ன?

இரண்டாவது, எதிரியின் மதியீனம். ஜப்பானியத் தளபதி முதகுச்சி மூன்று டிவிஷன்களைச் சிந்த்வின் ஆற்றைக் கடந்து மலைகளுக்குள் அனுப்பியபோது மூன்று வாரத்துக்கு மட்டுமே உணவு கொடுத்து அனுப்பினார். இறைச்சிக்காக உடன் ஓட்டிவந்த மாடுகளில் பல ஆற்றிலேயே மூழ்கின. மீதி உணவை இம்பாலின் கிடங்குகளில் இருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. போரின் நடுவே தம் மூன்று டிவிஷன் தளபதிகளையுமே அவர் நீக்க நேர்ந்தது. ஏறத்தாழ 30,000 ஜப்பானியர் மடிந்தனர். அவர்களில் மிகப் பலரைக் கொன்றவை பசியும் நோயும். இப்படிப்பட்ட எதிரியை வெல்ல அசாதாரணத் தளபதி வேண்டியதில்லை.

மேலும் இம்பாலுக்கு வடக்கே உள்ள கோஹிமாவில் ஸ்லிம் தவறாகவே கணித்தார். அங்கே அதிகம் போனால் ஒரு ஜப்பானிய ரெஜிமெண்டு வரும் என்று எதிர்பார்த்தார். வந்ததோ முழு 31ஆம் டிவிஷன். ஏப்ரல் தொடக்கத்தில் அந்த முகட்டைக் காத்து நின்ற ஏறத்தாழ 1,500 பேரின் உறுதியே அவரைக் காப்பாற்றியது.

கல்வெட்டன் எழுதியது:

வடகரையார் அவர்களுக்கு நன்றி. கோஹிமா பற்றித் தாங்கள் எழுதியது முழுவதும் சரி. 17ஆம் டிவிஷனை இம்பாலுக்குத் தெற்கே இருந்த திட்டிமிலிருந்து திரும்ப அழைப்பதில் ஏற்பட்ட தாமதமும் தம் பிழையே என்று ஸ்லிம் எழுதியிருக்கிறார். ஆனால் விமானத்தைப் பற்றிய வாதத்தில் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கின்றன.

1942லும் 1943லும் ஜப்பானியர் கையாண்ட வழி ஒன்றே ஒன்றுதான். காட்டின் வழியே பக்கவாட்டில் நுழைந்து, பின்னால் சென்று சாலையை மறித்துவிடுவார்கள். உணவு நின்றுவிடும் என்ற பதற்றத்தில் முன்னணிப் படை பின்வாங்கும். பின்வாங்கும் வழியில் சிதையும். இதற்கு ஸ்லிம் கண்ட விடை, ராஞ்சியில் 15ஆம் கோரைப் பயிற்றுவித்த காலத்திலேயே அவர் வகுத்த நெறிகளில் இருக்கிறது. எதிரி நம் பின்னால் வந்துவிட்டால் சூழப்பட்டவன் அவன்தான் என்று எண்ண வேண்டும். படையில் போரிடாதவர் என்று எவரும் இல்லை, சமையல்காரரும் கழுதை ஓட்டுபவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். காடு எதிரிக்கு மட்டும் சொந்தமானதல்ல, நாமும் அதில் இரவும் பகலும் ரோந்து செல்ல வேண்டும்.

விமானம் இருந்தால் மட்டும் போதாது. சாலை மறிக்கப்பட்ட பிறகும் இருந்த இடத்தில் நின்று போரிடும் மன உறுதி படைக்கு இருந்தால்தான் விமானம் போடும் உணவு பயன்படும். 1944 பிப்ரவரியில் அராக்கானின் சின்ஸ்வேயாவில், நிர்வாகப் பெட்டி என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற திறந்த வெளியில், ஏழாம் இந்திய டிவிஷனின் பின்னணிப் பிரிவுகள் சூழப்பட்டன. ஜப்பானியர் மருத்துவ நிலையத்துக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் கொன்றனர். எழுத்தர்களும் ஓட்டுநர்களும் பொறியியல் பிரிவினரும் துப்பாக்கியோடு வளையத்தைக் காத்தனர். பிப்ரவரி இறுதிக்குள் தாக்கியவர்களே உணவின்றி விலகினர். ஓராண்டுக்கு முன் இதே அராக்கானில் இதே உத்தியைக் கண்டு பிரிட்டிஷ்–இந்தியப் படை பின்வாங்கியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் மாறியதில் பாதி, வீரர்களின் உள்ளத்தில் மாறியது.

இனி பாராசூட்டு. 1944இல் பட்டு கிடைக்கவில்லை. தேவையான அளவு பாராசூட்டுகள் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஸ்லிமும் அவருடைய நிர்வாகத் தலைவர் ஸ்னெல்லிங்கும் கல்கத்தாவின் சணல் ஆலைகளை நாடினார்கள். சில வாரங்களிலேயே சணல் துணியால் ஆன பாராசூட்டு உருவாயிற்று. வழக்கமான பாராசூட்டின் விலை 20 பவுனுக்கு மேல். சணல் பாராசூட்டின் விலை ஒரு பவுனுக்குச் சற்றே கூடுதல். மனிதர் குதிக்க அது உதவாது. அரிசி மூட்டைக்கும் குண்டுப் பெட்டிக்கும் தாராளமாகப் போதும். விமானங்களை மவுண்ட்பேட்டன் திருப்பிவிட்டார் என்பது உண்மை. விமானத்திலிருந்து எதை, எதில் கட்டிப் போடுவது என்று மூளையைக் கசக்கியவர்கள் பதினான்காம் படையின் தலைமையகத்தில் இருந்தவர்கள்.

மாலை வாசகி எழுதியது:

நான் மருத்துவத் துறையில் இருப்பவள். இந்த விவாதத்தில் இதுவரை எவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஸ்லிமின் ஆகப் பெரிய வெற்றி கொசுவுக்கு எதிரானது என்று தயங்காமல் சொல்வேன்.

1943 அக்டோபரில் அவர் பதினான்காம் படையின் பொறுப்புக்கு வந்தபோது, போரில் காயம்பட்டு அப்புறப்படுத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயுற்று அப்புறப்படுத்தப்பட்டவர்கள் 120 பேர். மலேரியாவின் ஆண்டு விகிதம் படைபலத்தில் 84 விழுக்காடு. அதனுடன் வயிற்றுக்கடுப்பும் உண்ணிக் காய்ச்சலும் தோல் நோய்களும் சேர்ந்துகொண்டன. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: எதிரி ஒரு குண்டு கூடச் சுடாமல் இருந்தாலே சில மாதங்களில் அந்தப் படை கரைந்துபோயிருக்கும்.

அதுவரை மலேரியா நோயாளியை ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி இந்தியாவின் உட்பகுதிக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வர ஐந்து மாதம் ஆகும், திரும்பாமலும் போவார். ஸ்லிம் முன்னணிச் சிகிச்சை நிலையங்களைப் போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே அமைக்கச் செய்தார். காய்ச்சல் கண்ட ஒரு நாளுக்குள் நோயாளி அங்கே படுக்கையில் இருப்பார். சில வாரங்களில் தம் பிரிவுக்குத் திரும்பிவிடுவார். பொழுது சாய்ந்தால் சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும், குட்டைக் கால்சட்டை அணியக் கூடாது என்று உத்தரவுகள் பிறந்தன.

மலேரியாவைத் தடுக்கும் மெப்பாக்ரின் மாத்திரை பற்றிய செய்தி மருத்துவர்களுக்குப் பாடமாகச் சொல்லத்தக்கது. அது தோலை மஞ்சளாக்கும். ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தியும் பரவியிருந்ததால் வீரர்கள் அதை விழுங்காமல் துப்பினார்கள். ஸ்லிம் திடீர்ச் சோதனைகளுக்கு ஏற்பாடு செய்தார். ஒரு பிரிவில் ஒவ்வொருவரின் உடலிலும் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 95 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பிரிவின் தளபதிக்கு வேலை போயிற்று. மூன்று பேரை நீக்கிய பிறகு மற்றவர்களுக்குச் செய்தி புரிந்துவிட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். நோயைத் தடுப்பது மருத்துவரின் கடமை மட்டுமல்ல, களத் தளபதியின் கடமை என்று ஆக்கியதில்தான் நுட்பம் இருக்கிறது. 1945இல் நோயுறுவோர் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தனர்.

வடகரையார் ஐயா, முதகுச்சியின் படை பசியாலும் நோயாலும் மடிந்தது என்றீர்கள். அதே காடு, அதே மழை, அதே கொசு. ஒரு படை மடிந்தது, மற்றொன்று மடியவில்லை. அந்த வேறுபாட்டை எதிரியின் மதியீனம் என்ற கணக்கில் மட்டும் எழுதுவது சரியாகாது.

பினாங்குத் தமிழன் எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். ஸ்லிமின் திறமை பற்றி நீங்கள் அனைவரும் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் இந்தப் போர்முனையை நினைப்பவர்களுக்கு வேறு இரண்டு செய்திகள் முதலில் நினைவுக்கு வரும்.

ஒன்று, சயாம் மரண ரயில். 1942 முதல் 1943 வரை அதைப் போட்டதே பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு, அதாவது ஸ்லிமுக்கு எதிரே நின்ற படைக்கு, தளவாடம் கொண்டுசெல்வதற்காகத்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து அதற்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பவேயில்லை. இம்பாலைப் பற்றிப் பேசும்போது அந்த ரயில்பாதையையும் சேர்த்தே பேச வேண்டும்.

மற்றொன்று, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலாயாத் தமிழ் இளைஞர்கள் அதில் ஏராளமாகச் சேர்ந்தனர். இந்தியாவின் விடுதலைக்காக இம்பாலை நோக்கி நடந்தவர்களைத் தடுத்த தளபதியை நாம் புகழ்வது எப்படி? ஸ்லிமின் எழுத்தில் அவர்களுக்கு மரியாதை இருந்ததா?

கல்வெட்டன் எழுதியது:

நியாயமான கேள்வி. மரியாதை இல்லை என்பதே நேரான விடை. இந்திய தேசிய ராணுவத்தை அவர் போர்த்திறன் குறைந்த படையாகவே கண்டார். சரணடைய வந்த அவர்களை இந்திய, கூர்க்கா வீரர்கள் சில வேளைகளில் ஏற்காமல் சுட்டுவிட்டதையும், அவர்களைக் கனிவாக ஏற்குமாறு தனியே உத்தரவு பிறப்பிக்க நேர்ந்ததையும் அவரே குறித்திருக்கிறார். உணவும் கனரக ஆயுதமும் இல்லாமல் முன்னே தள்ளப்பட்டவர்களின் போர்த்திறனை அந்த நிலையில் வைத்து அளப்பது முறையல்ல என்பது என் கருத்து. அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதை ஸ்லிம் புரிந்துகொள்ள முயன்றதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் பேரரசின் சேவகர். அந்த எல்லைக்குள்தான் அவருடைய பார்வை இருந்தது.

ஆனால் ஆங் சானிடம் அவர் நடந்துகொண்ட விதம் இதிலிருந்து வேறுபட்டது. ஜப்பானியரோடு பர்மாவுக்குள் வந்து, 1945 மார்ச்சில் அவர்களுக்கு எதிராகத் திரும்பிய பர்மியப் படையின் தலைவர் ஆங் சான், மே 16 அன்று மெய்க்திலாவில் ஸ்லிமைச் சந்திக்க வந்தார். ஜப்பானிய மேஜர் ஜெனரலின் சீருடை, இடுப்பில் வாள். நாங்கள் வெல்கிறோம் என்று கண்டுகொண்டதால்தானே வருகிறீர்கள் என்று ஸ்லிம் நேரடியாகக் கேட்டார். நீங்கள் வெல்லாமல் இருந்தால் உங்களிடம் வந்து என்ன பயன் என்று ஆங் சான் திருப்பிக் கேட்டார். அந்த நேர்மை ஸ்லிமுக்குப் பிடித்துப்போயிற்று. அவரை நம்பத்தக்க மனிதராகவே மதித்தார்.

தமிழர் தொடர்பில் இன்னொன்று. 1942 மே மாதத்தில் ஸ்லிமின் பின்வாங்கும் படை பர்மா எல்லையிலுள்ள தமுவிலிருந்து மணிப்பூரின் பலேலுக்கு ஏறிய அதே பாதையில்தான், பர்மாவை விட்டு நடந்தே வெளியேறிய இந்தியர்களில் பெரும் திரள் வந்தது. அவர்களில் தமிழர்கள் மிகப் பலர். வழியில் அம்மையும் காலராவும் பசியும் கொன்றவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. அந்தப் பாதையிலுள்ள மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில், 1960களில் பர்மாவிலிருந்து வெளியேறியவர்களின் வழியில் வந்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையின் கம்பெனிகளும் பர்மாப் போர்முனையில் பணியாற்றின. ஆக, நம்மவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள், இரண்டுக்கும் நடுவிலும் அகப்பட்டுக்கொண்டார்கள்.

வடகரையார் எழுதியது:

மாலை வாசகி அம்மாவின் பதிவு இந்த இழையில் எனக்கு மிகவும் பயன்பட்டது. இம்பாலைப் பொறுத்தவரை என் கருத்து அப்படியே இருக்கிறது: அது நல்ல தற்காப்பு, எதிரியின் பெரும்பிழை. ஸ்லிமின் தரத்தை நிறுவ வேண்டுமானால் எடுத்துக்காட்ட வேண்டியது 1945 மெய்க்திலா. அதை இன்னும் எவரும் விரிவாக எழுதாததால் நானே எழுதுகிறேன்.

1944 டிசம்பரில் ஸ்லிமின் திட்டம், சிந்த்வினுக்கும் ஐராவதிக்கும் இடைப்பட்ட ஷ்வெபோ சமவெளியில் ஜப்பானியரை டாங்கிகளால் நசுக்குவது. எதிரே இருந்த புதிய தளபதி கிமுரா அதற்கு இடம் தராமல் ஐராவதிக்கு அப்பால் பின்வாங்கினார். பல மாதங்கள் தீட்டிய திட்டம் இதனால் பாழாயிற்று. சில நாட்களில் ஸ்லிம் அதைக் கைவிட்டுப் புதியதை வகுத்தார்.

33ஆம் கோர் மாண்டலேக்கு வடக்கிலும் மேற்கிலும் ஆற்றைக் கடந்து, முழுப் படையும் அங்கேதான் வருகிறது என்று தோன்றச் செய்ய வேண்டும். நான்காம் கோர் ரேடியோவில் ஒரு சொல்லும் பேசாமல் கங்காவ் பள்ளத்தாக்கு வழியே தெற்கே நகர்ந்து, பகோக்குவுக்கு அருகே ஆற்றைக் கடந்து, கிமுராவின் கிடங்குகளும் விமானத் தளங்களும் இருந்த மெய்க்திலாவைப் பிடிக்க வேண்டும். நான்காம் கோரின் தலைமையகம் இன்னும் தமுவிலேயே இருக்கிறது என்று நம்பவைக்க, அங்கே பொய்யான ரேடியோ நிலையம் ஒன்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

ஆற்றைக் கடக்கத் தேவையான படகுகளில் ஒரு பங்கு கலேவாவில், அங்கேயே வெட்டிய தேக்கில் கட்டப்பட்டது. அங்கே உருவான இரண்டு சிறு பீரங்கிப் படகுகளில் ஒன்றுக்கு மவுண்ட்பேட்டன் மகளின் பெயரும், மற்றதற்கு ஸ்லிம் மகளின் பெயரும் இடப்பட்டன. மழையில் கரையும் மண் சாலைக்குத் தார் தோய்த்த சணல் விரிப்பு போடப்பட்டது. கலேவாவில் சிந்த்வினுக்குக் குறுக்கே 1,154 அடி நீளத்துக்கு எழுந்த, இரும்புத் துண்டுகளைப் பொருத்தி விரைவாகக் கட்டும் பெய்லி பாலம், அந்நாளில் உலகிலேயே நீளமானது. பொறியியல் தலைவர் ஹேஸ்டட்டின் கைவண்ணம் இவை.

பிப்ரவரி 14 அன்று ஏழாம் டிவிஷன் நியாங்கு அருகே ஆற்றைக் கடந்தது. மார்ச் முதல் வாரத்துக்குள் கோவனின் 17ஆம் டிவிஷன் மெய்க்திலாவைக் கைப்பற்றியது. 1942இல் சிட்டாங் பாலம் வெடிக்கப்பட்டபோது ஆற்றின் எதிர்க்கரையில் சிக்கிச் சின்னாபின்னமான அதே டிவிஷன் அது. மாண்டலே மார்ச் 20 அன்று விழுந்தது. மெய்க்திலாவை மீட்கக் கிமுரா எறிந்த படைகள் அங்கேயே அழிந்தன. இந்த ஒரு நடவடிக்கைக்காக ஸ்லிமை மிகச் சிறந்த தளபதிகள் வரிசையில் வைக்க நான் இசைகிறேன். முதலிடம் என்பதற்கு இன்னும் இசையவில்லை. ரங்கூனுக்கு அவருடைய படை நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பது என் குறை.

நெடுஞ்சாலை எழுதியது:

போருக்கு உள்ளேயும் வெளியேயும் மேலதிகாரிகளோடு அவருக்கு நேர்ந்ததைப் பதிவு செய்துவிடுகிறேன். 1942இல் கந்தலாக இம்பாலுக்கு வந்து சேர்ந்த அவருடைய படையை அங்கிருந்த ஜெனரல் இர்வின் முகம் கொடுத்து வரவேற்கவில்லை. முரட்டுத்தனமாகப் பேசுகிறீர்களே என்று ஸ்லிம் சொன்னபோது, நான் உமக்கு மூத்தவன், ஆகவே என் பேச்சு முரட்டுத்தனம் ஆகாது என்று பதில் வந்தது. 1943 மே மாதத்தில் அராக்கான் தோல்விக்காக ஸ்லிமை நீக்க முனைந்த இர்வினே இறுதியில் நீக்கப்பட்டார்.

இதே கதை 1945 மே மாதத்தில் மீண்டும் நடந்தது. ரங்கூன் விழுந்த சில நாட்களுக்குள், மேலதிகாரி ஆலிவர் லீஸ், ஸ்லிமைப் பதினான்காம் படையிலிருந்து மாற்றப்போவதாகச் சொன்னார். ஸ்லிம் ஓய்வு பெற்றுச் செல்ல முடிவு செய்தார். செய்தி பரவி, லண்டனில் தரைப்படைத் தலைவர் ஆலன் புரூக்கும் டெல்லியில் இந்தியாவின் தலைமைத் தளபதி ஆகின்லெக்கும் கொதித்தெழ, பதவி போனது லீஸுக்கு. அவருடைய இடமும் ஸ்லிமுக்கே கிடைத்தது.

1948இல் ஓய்வு பெற்று ரயில்வே நிர்வாகத்தில் இருந்தவரைப் பிரதமர் அட்லி தரைப்படையின் தலைமைக்கு அழைத்தார். அப்பதவியில் அப்போது இருந்த மாண்ட்கோமரி தமக்கு விருப்பமான கிராக்கரிடம் ஏற்கெனவே பதவியை உறுதி செய்துவிட்டதாகச் சொன்னார். அப்படியானால் இல்லையென்று போய்ச் சொல்லுங்கள் என்றார் அட்லி. இந்திய ராணுவத்தின் அதிகாரி ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. மலாயாவில் அவசரநிலை முற்றியபோது, பர்மாவில் தம் கீழ் ஐந்தாம் இந்திய டிவிஷனை நடத்திய பிரிக்ஸை அங்கே அனுப்பப் பரிந்துரைத்தவரும் அவரே. கிராமங்களை இடம்பெயர்த்துப் புதுக்குடியிருப்புகளாக்கிய பிரிக்ஸ் திட்டத்தின் சுவடுகளைப் பினாங்கு நண்பர் நன்கு அறிவார்.

1953 முதல் 1960 வரை ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1970 டிசம்பர் 14 அன்று காலமானார். ஆஸ்திரேலியாவில் பதவியில் இருந்த காலத்தில், குழந்தைக் குடியேறிகளுக்கான பண்ணைப் பள்ளி ஒன்றுக்குச் சென்றபோது அவர் சிறுவர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக, அங்கே வளர்ந்த சிலர் அவருடைய மறைவுக்குப் பல ஆண்டுகள் கழித்துக் குற்றம்சாட்டினார்கள். அது எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை. ஆனால் கான்பெராவில் அவர் பெயரில் இருந்த சாலையின் பெயர் மாற்றப்பட்டது. அவர் வாழ்க்கையைப் பேசும் இழையில் இதை எழுதாமல் விடுவது, குற்றம்சாட்டியவர்களுக்குச் செய்யும் அநீதி என்று கருதுகிறேன்.

கல்வெட்டன் எழுதியது:

நெடுஞ்சாலை அவர்கள் அதை எழுதியது சரியே. என் மதிப்பீடு 1914 முதல் 1945 வரையிலான களப்பணியைப் பற்றியது; அதைக் காட்டி இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை.

வடகரையார் எழுப்பிய ரங்கூன் கேள்விக்கு வருகிறேன். மாண்டலே விழுந்தபோது மழைக்காலத்துக்கு மீதி இருந்தது ஏறத்தாழ ஆறு வாரம். மழை பிடித்துவிட்டால் சாலையும் விமானத் தளமும் சேறாகி, மத்திய பர்மாவில் முழுப் படையும் உணவின்றிச் சிக்கிக்கொள்ளும். ஆகவே வழியிலுள்ள எதிரிகளை ஒதுக்கிவிட்டு, ஐந்தாம், 17ஆம் டிவிஷன்களை மாறி மாறி முன்னே பாயவிட்டார். சாலை வழிப் பாய்ச்சலின் தொடக்கத்திலிருந்தே உணவு குறைக்கப்பட்டது. முன்னணி வீரர் அரை உணவில் இருந்தால் தலைமையகமும் அரை உணவில் இருக்க வேண்டும் என்பது அவர் முன்பிருந்தே கடைப்பிடித்த வழக்கம். ரங்கூன் சாலையிலுள்ள தவுங்கூவை ஜப்பானியர் முதலில் அடைந்துவிடாமல் அப்பகுதி மலைகளில் வாழும் கரேன் மக்கள் மலைப்பாதைகளில் அவர்களை மறித்துத் தாமதப்படுத்தினார்கள். அந்த உதவி இல்லாமல் இந்த ஓட்டம் பாதியிலேயே நின்றிருக்கும்.

தங்கள் குறைக்கு விடை இதுதான்: தாம் மழைக்கு முன் போய்ச் சேராமல் போகலாம் என்று முன்கூட்டியே கணித்து, கடல்வழித் தாக்குதல் ஒன்றும் உடன் வேண்டும் என்று கேட்டவரே ஸ்லிம். அதற்கு முன் அதே கடல்வழித் திட்டம் தம் படைக்குரிய வளங்களைத் தின்றுவிடும் என்று கவலைப்பட்டவரும் அவர். முதலில் நுழைந்த பெருமை தமக்கு வர வேண்டும் என்று எண்ணியிருந்தால் அதைக் கேட்டிருக்க மாட்டார். மழை முன்கூட்டியே வந்தது. 17ஆம் டிவிஷன் பெகுவைத் தாண்டி வெள்ளத்தில் நின்றது. மே 2 அன்று 26ஆம் இந்திய டிவிஷன் கடல்வழியே இறங்கி, மறுநாள் ஜப்பானியர் விட்டுச்சென்ற ரங்கூனுக்குள் எதிர்ப்பின்றி நுழைந்தது. இரு டிவிஷன்களும் மே 6 அன்று ஹ்லேகுவில் சந்தித்தன.